பலநிறக் கைச்சாய நூலில் சாக்ஸ்: டிசைனுக்கு முன்னால் இன்ச் டேப்

சிட்டமாக முறுக்கி வைத்திருக்கும்போது மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி என்று கண்ணைப் பறிக்கிற நூல், பின்னி முடித்தால் ஒரு பக்கம் முழுக்க மஞ்சளும் மறுபக்கம் முழுக்க ஊதாவுமாகத் திட்டுக் கட்டிக்கொண்டு நிற்கும். உடனே அவிழ்த்துவிட்டு வேறு டிசைன் தேடுவார்கள். பெரும்பாலும் பழி டிசைன் மேல் இல்லை. நிறங்கள் ஒரு முறை வந்து முடிகிற நீளத்துக்கும், சாக்ஸின் ஒரு சுற்றுக்குச் செலவாகிற நூலுக்கும் உள்ள கணக்குதான் அதைத் தீர்மானிக்கிறது.

இங்கே பேசுவது வழக்கமான சாக்ஸ் நூலைப் பற்றி: 75% சூப்பர்வாஷ் (துவைத்தால் சுருங்காதபடி பதப்படுத்திய) மெரினோ கம்பளி, 25% நைலான், 100 கிராமுக்குச் சுமார் 400 மீட்டர், 2.25 மி.மீ. ஊசி, இன்ச்சுக்கு 8 கண்ணி (பின்னலின் ஒரு வளையம்). வேலூர் வெயிலுக்குக் கம்பளி சாக்ஸா என்று சிரிப்பவர்கள் மார்கழி விடியற்காலையில் பைக்கில் காட்பாடி ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்க்கட்டும். ஏசி ஓடும் ஆபீஸ், ஏலகிரியில் ஒரு ராத்திரி, இதற்கெல்லாம் தாராளமாக உதவும். சித்திரையில் போடுகிற பொருள் இல்லை, பின்னுகிற பொருளும் இல்லை: கை வியர்த்தால் நூல் மூங்கில் ஊசியில் ஒட்டிக்கொண்டு நகராது. அந்த மாதங்களில் மெட்டல் ஊசிதான்.

சிட்டத்தைப் பிரித்து மேஜையில் வட்டமாக விரியுங்கள். குறுக்கே சாயம் பூசிய நூலாக இருந்தால் சிட்டத்தின் ஒரு முழுச் சுற்றே நிறங்களின் ஒரு ரிபீட், அதாவது எல்லா நிறமும் ஒரு முறை வந்து முடிகிற நீளம். பெரும்பாலும் 130 முதல் 180 செ.மீ. வரை இருக்கும். அடுத்து, எந்த டிசைனில் பின்னப் போகிறீர்களோ அதே டிசைனில் ஒரு சிறு துண்டு பின்னி, 20 கண்ணிக்கு இரு பக்கமும் நூலில் பேனாவால் புள்ளி வைத்து, அவிழ்த்து அளந்து பாருங்கள். வெறும் நிட் (நேர்ப்பின்னல்) என்றால் 22 செ.மீ.க்குப் பக்கத்தில் வரும். அதாவது கண்ணிக்கு 1.1 செ.மீ., 64 கண்ணிச் சுற்றுக்குச் சுமார் 70 செ.மீ.

இப்போது ரிபீட் 140 செ.மீ. என்றால் சரியாக இரண்டு சுற்றில் ஒரு ரிபீட் முடிந்துபோகும். ஒவ்வொரு நிறமும் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி ஏறி, தூண் மாதிரி நிற்கும். 148 என்றால் இரண்டு சுற்றுக்கு 8 செ.மீ. தள்ளிப்போய், காலைச் சுற்றி மின்னல் போலச் சாய்ந்து ஏறும். சிலருக்கு அது பிடிக்கும், அப்படியே விட்டுவிடலாம். இப்படித் தள்ளிப்போகிற மிச்சம் 15 முதல் 25 செ.மீ. வரை விழுந்தால் நிறம் தானாகக் கலைந்துவிடும், டிசைன் எதுவானாலும் பரவாயில்லை. 140 ரிபீட் நூலை 60 கண்ணிக்கு மாற்றினாலே இரண்டு சுற்றுக்கு 132 ஆகி, தூண் உடைந்து சாயத் தொடங்கும். ஆனால் கால் சுற்றளவு 22 செ.மீ. இருக்கும்போது 64தான் சரியான பிடிப்பு. கண்ணியை இதற்குமேல் குறைத்தால் குதிகாலில் இறுக்கும். அங்கேதான் டிசைனுக்கு வேலை.

நீண்ட நாள் போட்டு, துவைத்து, பார்த்ததில் முதலிடம் கார்ட்டர் ரிப் வகைக்கு: ஒரு சுற்று முழுக்க நிட், அடுத்த சுற்றில் 2 நிட் 2 பர்ல் (மேடாகத் தெரியும் புறப்பின்னல்). பர்ல் மேடு கீழ்ச் சுற்றின் நிறத்தையும் மேல்ச் சுற்றின் நிறத்தையும் பல்லைக் கோத்த மாதிரி சேர்த்துவிடுகிறது. தூண் இருந்தாலும் அதன் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. இழுவையும் போதுமானது. ஸ்லிப் கண்ணி (பின்னாமல் அடுத்த ஊசிக்கு நகர்த்தும் கண்ணி) டிசைன்கள் இதைவிட நன்றாகக் கலைக்கும், கீழ்ச் சுற்றின் நிறத்தை அப்படியே மேலே தூக்கி வருவதால். ஆனால் இரண்டு தொந்தரவு. துணி இறுகி இழுவை போய்விடும், 64க்குப் பதில் 72 கண்ணி போட வேண்டும். ஸ்லிப் செய்த கண்ணிக்கு அந்தச் சுற்றில் மிகக் குறைந்த நூலே செலவாகும் என்பதால் முன்பு போட்ட கணக்கும் மாறிவிடும். அதனால்தான் அளவுத் துண்டை அதே டிசைனில் பின்னச் சொன்னது.

கோணல் கோணலாக ஏறி இறங்குகிற செவ்ரான் பார்க்க அழகு, போடத்தான் கஷ்டம். கண்ணி ஏற்றலும் குறைத்தலும் மாறி மாறி வருவதால் இழுவை குறைந்து, குதிகாலைத் தாண்டி ஏறவே மறுக்கும். லேஸ், கேபிள் பக்கம் போகவே வேண்டாம். நாலு நிறம் கூத்தடிக்கிற இடத்தில் துளை எது, முறுக்கு எது என்று யாருக்குத் தெரியப்போகிறது? அதை ஒற்றை நிற நூலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிறம் 2, 3 செ.மீ.க்கு ஒருமுறை பொட்டுப் பொட்டாக மாறும் நூலுக்கு இந்தக் கவலையே கிடையாது, வெறும் நிட் போதும்.

எதிலும் அடங்காத முரட்டு நூலும் உண்டு. அதற்கு ஒரே உருண்டையின் உள்நுனியையும் வெளிநுனியையும் எடுத்து, சுற்றுக்குச் சுற்று மாற்றி மாற்றிப் பின்னுவதுதான் வழி. மாற்றுகிற இடத்தில் நூலை இழுத்துப் பிடிக்காதீர்கள். அங்கே செங்குத்தாக ஒரு சுருக்கம் விழுந்து, ஷூவுக்குள் உறுத்தும்.

கணுக்கால்வரை ஒழுங்காக வந்தது குதிகாலில் கெடுவது சகஜம். ஃப்ளாப் (குதிகாலின் பின்புறத் தட்டைத் துண்டு) வைத்துப் பின்னினால் 32 கண்ணி மட்டும் முன்னும் பின்னும் போகும், வரிசை நீளம் பாதியாகி நிறம் கட்டம் கட்டமாக உட்காரும். பிறகு பக்கவாட்டில் கண்ணி எடுத்ததும் 64 என்பது 80ஐத் தாண்டிப்போய், பாதத்தின் மேல்பக்கம் வேறு நூல் மாதிரி தெரியும். இந்த நூலுக்குப் பொருந்துவது பிற்பாடு வைக்கும் குதிகால்தான். குதிகால் வரவேண்டிய இடத்தில் பாதிக் கண்ணிகளை வேறு நிறக் கழிவு நூலில் பின்னிவிட்டுக் குழாயாகத் தொடர்ந்து போய், கடைசியில் கழிவு நூலை உருவி, 15 கிராம் ஒற்றை நிற நூலில் குதிகால் போடலாம். சுற்றுக் கணக்கு எங்கும் உடையாது. இன்னொரு லாபமும் உண்டு. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் ஷூக்களின் பின்தையல் உரசி முதலில் தேய்வது குதிகால்தான். அதை மட்டும் உருவிவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு அடர் நிறம் எடுப்பது நல்லது, வியர்வை பட்டால் ஷூவின் உள்தோல் சாயம் வெளிர் நூலில் ஏறிவிடும்.

இரண்டு சாக்ஸும் ஜோடியாக வர வேண்டுமென்றால் நூலை 50 கிராம் வீதம் எடை போட்டு இரண்டாகப் பிரித்து, இரண்டையும் ஒரே நிறத்தில், ஒரே திசையில் தொடங்க வேண்டும். ஒன்றை உள்நுனியிலும் மற்றதை வெளிநுனியிலும் தொடங்கினால் நிறவரிசை தலைகீழாகிவிடும்.

பின்னும் முன்பே சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். டர்க்காய்ஸும் அடர் சிவப்பும்தான் அதிகம் சாயம் விடும். வெந்நீரில் வெள்ளைக் கம்பளித் துண்டோடு நூலை ஊறவைத்து, துண்டில் நிறம் ஏறினால், வினிகர் கலந்த தண்ணீரில் 80 முதல் 85 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, கிளறாமல், அதே பாத்திரத்திலேயே ஆறவிட வேண்டும். ஷூ தோலுக்குப் போடுகிற ஆசிட் சாய வகைதான் கம்பளிக்கும், சூடும் அமிலமும் சேர்ந்தால்தான் அது நூலில் பிடிக்கும். அந்தப் பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

போர் தண்ணீர் கடினமாக இருந்தால் சோப்பு திரிந்து, சாக்ஸ் மொரமொரப்பாகிவிடும். மென்மையான ஷாம்பூ போதும், கடைசி அலசலில் ஒரு ஸ்பூன் வினிகர். கொடியில் தொங்கவிட்டால் சூப்பர்வாஷ் நூல் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும். டவலில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் படுக்கையாகக் காயப்போடுங்கள். மொட்டைமாடி வெயில் ஒரே கோடையில் வாடாமல்லியை வெளிறடித்துவிடும்.