ஃபெரைட்டா, சென்டஸ்ட்டா?

பூஸ்ட் கன்வர்ட்டரில் (வோல்டேஜை ஏற்றித் தரும் சர்க்யூட்) இருக்கும் இண்டக்டருக்கு, அதாவது செம்புக் கம்பிச் சுருளுக்கு, எந்தக் காந்தக் கோர் போடுவது என்பதுதான் கேள்வி. முப்பந்தல் காற்றாலைகளின் பெரிய கன்வர்ட்டர்கள் இந்தப் பேச்சில் வராது. அவை சில கிலோஹெர்ட்ஸில்தான் ஸ்விட்ச் ஆகும், அங்கே சிலிக்கான் ஸ்டீல் தகடே போதும். நாகர்கோவிலில் மொட்டை மாடி சோலாருக்கு பூஸ்ட் கன்வர்ட்டர் கட்டுகிறவருக்குத்தான் இந்தக் குழப்பம்.

ஃபெரைட் என்பது இரும்பு ஆக்சைடு கலந்த பீங்கான். அதில் கோர் இழப்பு (கோரில் சூடாக வீணாகும் சக்தி) மிகக் குறைவு. 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போனால் அதுதான் ராஜா. ஆனால் சூடு ஏற ஏற அதன் தாங்குதிறன் (எவ்வளவு காந்தப்புலம் வரை நிறையாமல் தாங்கும் என்பது) இறங்கும்: 25 டிகிரியில் சுமார் 0.5 டெஸ்லா, 100 டிகிரியில் சுமார் 0.4தான். எல்லை தாண்டினால் இண்டக்டன்ஸ் சட்டென்று விழும், கரண்ட் எகிறும், ஸ்விட்ச் செய்யும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் போய்விடும். சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் இருப்பதை நினைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். ஃபெரைட் கோரில் காற்று இடைவெளியும் விட்டாக வேண்டும். அங்கே வெளியே பிதுங்கும் காந்தப்புலம் பக்கத்திலுள்ள செம்பைச் சுட்டுவிடும். இடைவெளியைப் போல இரண்டு மூன்று மடங்கு தள்ளிச் சுற்றுவது நல்லது.

சென்டஸ்ட், இரும்பு, சிலிக்கான், அலுமினியம் கலந்த பொடி. இடைவெளி பொடிமணிகளுக்கு நடுவே பரவிக் கிடக்கிறது. தாங்குதிறன் ஏறக்குறைய 1 டெஸ்லா, இண்டக்டன்ஸ் விழுவதும் மெதுவாகத்தான். இண்டக்டன்ஸை அளக்கும் எல்சிஆர் மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். முழு கரண்டில் அது பாதியாகிவிடலாம். பெரும்பாலும் டோராய்டு (வளையம்) என்பதால் கையால் சுற்றுவதும் பெரும்பாடு.

20 ஆம்பியர் டிசி, அதன் மேல் 6 ஆம்பியர் ரிப்பிள் (ஏற்ற இறக்கம்), 50 கிலோஹெர்ட்ஸ் என்றால் நான் யோசிக்காமல் சென்டஸ்ட் போடுவேன். ரிப்பிள் டிசி அளவுக்கே போனால் ஃபெரைட், லிட்ஸ் வயரோடு (தனித்தனியாகக் காப்பிட்ட மெல்லிய இழைகளை முறுக்கிய கம்பி).