டியூப் அடைப்புன்னு சொல்லி 85,000 ரூபாய் வாங்கிட்டாங்க

வயிறு எரிகிறது. டை என்கிற சாய மருந்தைக் கர்ப்பப்பைக்குள் விட்டு, கருக்குழாய் (டியூப்) திறந்திருக்கிறதா என்று பார்க்கும் ஹெச்.எஸ்.ஜி எக்ஸ்ரே எடுத்த வலி அடங்குவதற்குள் என் தங்கையிடம் 85,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். பல ஊரில் கிளை வைத்திருக்கும் கருத்தரிப்பு மையம். கவுன்சிலர் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு டியூபும் அடைப்பு கண்ணு, ஐ.வி.எஃப் ஒண்ணுதான் வழி, இன்னைக்கே கட்டிட்டா பேக்கேஜ் விலை" என்றிருக்கிறார். அழுகிறவள் கையைப் பிடித்துச் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்? மாப்பிள்ளை உடனே கார்டைத் தேய்த்துவிட்டார்.

ரிப்போர்ட்டை மூன்று நாள் கழித்துப் பார்த்தேன். எக்ஸ்ரே அறையிலேயே வேலை பார்க்கிற எனக்குப் பகீரென்றது. மொத்தம் இரண்டே ஃபிலிம். 'இருபக்க கார்னுவல் பிளாக்' என்று எழுதியிருக்கிறது. அதாவது டை கர்ப்பப்பையை நிரப்பிவிட்டு, குழாய் தொடங்கும் மூலையிலேயே நின்றுவிட்டது. இந்த இடத்து அடைப்பை ஒரே தடவை பார்த்து முடிவு கட்டவே கூடாது! வலியிலும் பயத்திலும் அங்கே தசை இறுகிக்கொள்ளும். டையை வேகமாகத் தள்ளினாலும் இறுகும். சளிக்கட்டி மறிக்கலாம், டை விடும் கதீட்டரின் (மெல்லிய ரப்பர் குழாய்) நுனியில் உள்ள பலூன் மேலே ஏறி உட்கார்ந்தும் மறிக்கலாம். கொஞ்சம் பொறுத்து, தசை தளர ஊசி போட்டு, மெதுவாக டை விட்டு மறுபடி எடுக்க வேண்டும். அப்போதும் போகவில்லையென்றால் மெல்லிய கதீட்டரைக் குழாய் வாயில் நுழைத்துப் பார்க்கலாம், வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமராவில் பார்க்கும் லேப்ராஸ்கோபியில் நீல டை விட்டுப் பார்க்கலாம். இதில் ஒன்றுகூடச் செய்யவில்லை.

கடைசி முனை அடைத்து, குழாய் நீர் கோத்து வீங்கியிருந்தால் அது வேறு. அந்த நீர் கர்ப்பப்பைக்குள் வடிந்து கரு தங்குவதைக் கெடுக்கும். ஐ.வி.எஃப்-க்கு முன்பே அந்தக் குழாயை எடுக்கவோ கிளிப் போடவோ சொல்வார்கள்.

இந்த மாதம் தீட்டு முடிந்ததும் வேறிடத்தில் மறுபடி ஹெச்.எஸ்.ஜி எடுத்தோம். இரண்டு பக்கமும் டை தாராளமாக வயிற்றுக்குள் சிதறியது, அதாவது குழாயில் அடைப்பே இல்லை.

85,000-ஐத் திருப்பிக் கேட்டால், "அக்கவுன்ட்ஸ்ல கேளுங்க." அங்கே போனால், "மேனேஜர் லீவு." நேற்று, "ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே." 85,000 ரூபாய், கார்டில் தேய்த்ததை நகையை வைத்துக் கட்டிய பணம்.

எல்லா ஃபிலிமும் சி.டி-யில் வாங்காமல் வெளியே வராதீர்கள். அடைப்பு மூலையிலா முனையிலா என்று கேளுங்கள். கணவருக்கு விந்துப் பரிசோதனை முடிந்ததா பாருங்கள். டெஸ்ட் எடுத்த அன்றைக்கே பத்துப் பைசா கட்டாதீர்கள்.