நுவரெலியாக் குளிரில் மூன்று வருச ரெட் வெல்வெட்

ரெட் வெல்வெட் என்கிற சிவப்புக் கேக் அடிக்கத் தொடங்கி மூன்று வருசம் ஆகிறது. இடம் நுவரெலியா, கையில் இருப்பது 30 லீட்டர் கரண்ட் ஓவன். முதல் நாலு கேக்கும் ஒரே மாதிரிதான் ஏமாற்றின: கண்ணாடி வழியாகப் பார்த்தால் புஸ்ஸென்று பொங்கி நிற்கும், வெளியே எடுப்பதற்குள் நடுவில் குழி. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னா பிள்ள, அம்மிக் குழவியத் தூக்கி வச்சியா?" என்றார்.

மாவைக் குறை சொன்னேன், அப்புறம் முட்டையை. கடைசியில் பார்த்தால் வேலையைக் காட்டியது உயரம். நாங்கள் இருப்பது கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,870 மீட்டரில், தண்ணீரே இங்கே 94 பாகைக்குக் கிட்டக் கொதித்துவிடும். காற்றழுத்தம் குறைவென்பதால் கீழ்நாட்டு அளவுக்கு அப்பச்சோடா போட்டால் குமிழெல்லாம் அளவுக்கு மீறி ஊதி, கேக் வெந்து இறுகும் முன்பே உடைந்து அமுங்கிவிடுகிறது. இப்போது இரண்டரைக் கப் மாவுக்கு ஒரு தேக்கரண்டிச் சோடாவை முக்காலாக்கிவிட்டேன், சீனியில் இரண்டு மேசைக்கரண்டி குறைத்து, பாலில் அதே அளவு கூட்டி, சூட்டை 175இலிருந்து 185 ஆக்கினேன். குழி போயே போச்சு.

செய்முறை கேட்கும் மோருக்கு அலையவில்லை. ஒரு கப் பாலில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டுப் பத்து நிமிசம் வைத்தால் திரிந்துவிடும், அது போதும்.

பட்டர்தான் பெரிய தொல்லை. ஜனவரியில் அது மேசையில் கல்லாட்டம் கிடக்கும், சுடுதண்ணீர்ச் சட்டிக்கு மேலே கிண்ணத்தை வைத்துத்தான் இளக்க வேண்டும். அப்படியே அடித்துச் சுட்டாலும் மறுநாள் காலை கேக் விறைத்துப்போகும். பாதி பட்டருக்குப் பதில் எண்ணெய் விட்ட பிறகு மூன்றாம் நாளும் பஞ்சு மாதிரி இருக்கிறது, நான் செய்த மாற்றங்களில் உருப்படியானது இதுதான் என்பேன்.

நிறத்துக்குத் தண்ணீர்க் கலரை வாங்காதீர்கள், சிவக்கும்வரை ஊற்றினால் கசக்கும். ஜெல் கலர் கொஞ்சம் போதும். சந்தையில் பீட்ரூட் குவிந்து கிடக்கிறதே என்று அதையும் அரைத்து ஊற்றிப் பார்த்தேன், கலவை கல்யாணப் புடவை மாதிரி ஜொலித்தது, வெந்து வந்ததோ சாயத்தண்ணீர் நிறத்தில், சூட்டுக்கும் சோடாவுக்கும் அந்தச் சிவப்பு நிற்காது.

கேக்கின் மேல் பூசும் கிரீமுக்கு, கிரீம் சீஸ் விலைக்குப் பயந்து பழைய முறைக்குப் போனேன்: மாவையும் பாலையும் கூழாகக் காய்ச்சி நன்றாக ஆறவிட்டு, சீனியும் பட்டரும் அடித்ததில் கரண்டி கரண்டியாகச் சேர்ப்பது. கூழில் சூடு இருந்தால் பட்டர் உருகி எல்லாம் பாழ். சரியாக வந்தால் கிரீம் சீஸைவிட இதுதான் எனக்குப் பிடிக்கிறது, திகட்டாது.

கேக்கைச் சமமாக்க வெட்டி எடுத்த மேல் துண்டுகளை உதிர்த்து, கப்பில் இந்தக் கிரீமோடு அடுக்கினால் இன்னொரு இனிப்பு ஆச்சு. ரெட் வெல்வெட் குக்கீஸ் மட்டும் இன்னும் கைகூடவில்லை. போன ஞாயிறு சுட்டதைத் தம்பி தேத்தண்ணியில் ஊறவைத்துத்தான் கடித்தான்.