ஹெட்செமனி நடைச்சுற்றுலா: போகலாம், ஆனால் காலை பத்து மணிக்கு வேண்டாம்

கப்பல் கரையில் நிற்கும் சில மணி நேரத்தில் எந்த ஊரையும் முழுதாகப் பார்க்க முடியாது. இருபது வருட இன்ஜின் ரூம் வேலையில் பட்டுத் தெரிந்துகொண்டது இது. அதனால் கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் இந்த முறை ஒரே ஒரு பேட்டை போதும் என்று ஹெட்செமனி நடைச்சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்தேன். (பைபிளில் வரும் கெத்செமனே தோட்டத்தின் பெயர்தான்.) டிக்கெட் கிடையாது, முடிவில் நாமாகக் கொடுப்பதுதான்.

வழிகாட்டியாக வந்த அம்மாள் அங்கேயே பிறந்தவர், அறுபதைத் தாண்டியவர். தெருவுக்குத் தெரு யாராவது அவரை நிறுத்திக் குசலம் விசாரித்ததில், இரண்டு மணி நேரச் சுற்று மூன்றாக நீண்டது. எனக்கு அதில் குறையில்லை.

1533-ல் ஸ்பானியர் நிறுவிய ஊர் இது. கோட்டைக்குள் கனவான்கள் இருக்க, அந்த நாளில் தண்ணீர் பிரித்து வைத்திருந்த ஹெட்செமனியில் கைவினைஞர்களும் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் வாழ்ந்தார்கள். திரினிதாத் சதுக்கத்தில், மஞ்சள் முகப்புத் தேவாலயத்தின் எதிரே பெத்ரோ ரொமேரோவின் சிலை நிற்கிறது. உலோக வேலை செய்தவர். 1811 நவம்பர் 11 அன்று இந்தப் பேட்டைக்காரர்கள் அவர் தலைமையில் திரண்டு போய், தயங்கிக்கொண்டிருந்த பெரிய மனிதர்களை ஸ்பெயினிடமிருந்து முழு விடுதலை என்று அறிவிக்க வைத்தார்கள். ஸ்பானர் பிடித்துக் காய்த்துப்போன கைக்காரன் நான். சிலையின் முன்னால் கொஞ்சம் கூடுதலாகவே நின்றுவிட்டேன்.

அடுத்து, கதவுகள். பழைய மரக்கதவுகளில் தட்டுவதற்கென்று தொங்கும் உலோக உருவங்கள்: பல்லி, சிங்கம், மீன். பல்லி என்றால் உயர்குடி, சிங்கம் என்றால் படைவீரர், கடல் உயிர் என்றால் கடல் வணிகர் வீடு என்று அம்மாள் சொன்னார். ஒரு பல்லியின் முதுகு மட்டும் கைபட்டுக் கைபட்டுப் பளபளவென்று தேய்ந்திருந்தது. வாலில் பச்சைக் களிம்பு. அதே கதவின் ஓரத்தில் எண் அழுத்தித் திறக்கும் புதுப் பூட்டு. "ஹோட்டல்," என்றார் அம்மாள். அடுத்த வீட்டைக் காட்டி, "இதுவும்." அந்தத் தெருவில் ஐந்து முறை அப்படிச் சொன்னார். வரி கட்டி மாளாமல் விற்றுவிட்டுப் போனவர்களின் பெயரையும் வீட்டுக்கு வீடு சொன்னார். எந்தக் கையேட்டிலும் கிடைக்காத பகுதி இது; இதற்காகவே போகலாம்.

இடையில் ஒரு தள்ளுவண்டியில் முட்டை அரேபா. சோளமாவு வடையை எண்ணெயில் பொரித்து எடுத்து, ஓரத்தைக் கீறி, உள்ளே பச்சை முட்டையை ஊற்றி, வாயை மாவால் அடைத்து மறுபடியும் பொரிக்கிறார்கள். ஒரு துளி முட்டைகூட வெளியே கசியவில்லை. எங்கள் கப்பலின் வால்வுகளுக்கு அந்தப் பேறு இல்லை.

குறைகள் இரண்டு. காலை பத்து மணிச் சுற்றில் நிழலே இல்லை. நான்கு மணிக்குக் கிளம்புவதில் சேருங்கள், வீட்டுக்காரர்கள் நாற்காலியைத் தெருவில் போட்டு உட்காரும் நேரம் அது. இன்னொன்று, கடைசியில் ஒரு மரகதக் கடையில் இருபது நிமிடம் நிறுத்திவைத்தார்கள். அம்மாளுக்கே அதில் விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

40,000 பெசோ கொடுத்தேன். மறுபடி இந்தத் துறைமுகம் வாய்த்தால் சான் தியேகோ பேட்டைச் சுற்றுக்குப் போவேன். மரகதக் கடை வந்தால் நான் வெளியே, தள்ளுவண்டிப் பக்கம் நிற்பேன்.