வைஃபை போன கணினி: ரோல்பேக்கா, ரீசெட்டா?

ஆனிச் சாரல் விடாமல் பெய்த ஒரு காலையில் தக்கலையிலிருந்து அக்கா அழைத்தாள். இரவில் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டதாம். விடிந்து பார்த்தால் வைஃபை குறியே இல்லையாம். இணைய அமைப்புகளை எல்லாம் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும் 'நெட்வொர்க் ரீசெட்' கொடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தடுத்தேன்.

ரீசெட் கெட்ட வழி அல்ல. வைஃபை இணைந்திருந்தும் இணையம் வராவிட்டால் அது கைகொடுக்கும். ஆனால் சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொற்கள் எல்லாம் அதில் அழிந்துபோகும். அலுவலக வேலைக்கும் மற்றும் பாதுகாப்பான தனி இணைப்புக்கான வி.பி.என். இருந்தால், அதன் அமைப்புகளையும் மறுபடி போட வேண்டியிருக்கும். அக்காவின் சிக்கல் வேறு. அதே மோடத்தில் அவளது செல்போன் நன்றாக ஓடியது. கணினியில் மட்டும் குறி காணவில்லை. அப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிரைவரைத்தான், அதாவது வைஃபை கருவியை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளை.

அதற்கு, முந்தைய டிரைவருக்கே திரும்பும் ரோல்பேக்தான் என் முதல் தேர்வு. விண்டோஸில் ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறக்க வேண்டும். நெட்வொர்க் அடாப்டர்ஸ் பட்டியலில் வைஃபை அல்லது வயர்லெஸ் என்றிருப்பதன் பிராப்பர்ட்டீஸுக்குள் போனால், டிரைவர் பக்கத்தில் 'ரோல்பேக் டிரைவர்' இருக்கும். சில நிமிட வேலை. கடவுச்சொல் எதுவும் போகாது. குறைகளும் உண்டு. பழைய டிரைவர் கணினியில் இல்லையென்றால் அந்தப் பொத்தான் மங்கிக் கிடக்கும். அடுத்த புதுப்பிப்பில் அதே டிரைவர் திரும்பி வரவும் கூடும். அதனால் புதுப்பிப்பைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வைப்பது நல்லது. விண்டோஸ் 11 ஒரு தடவைக்கு 5 வாரம் வரை அனுமதிக்கிறது.

பொத்தான் மங்கியிருந்தால் டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்க வேண்டும். இணையத்தைச் சரிசெய்யவே இணையம் வேண்டும் என்ற இந்த இக்கட்டில்தான் பலரும் கணினியைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ பஸ் ஏறுகிறார்கள். தேவையே இல்லை. ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து, போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் 'யு.எஸ்.பி. டெதரிங்'கை இயக்கினால் போதும். அதற்கு வைஃபை டிரைவர் வேண்டாம். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே செல்போன் சிக்னல் கிடைக்காத வீடுகளில் மோடத்திலிருந்து லேன் கேபிள் இழுப்பதே நம்பகமானது.

புதுப்பிப்பையே நீக்கிவிடும் வழியை நான் பின்னால்தான் வைப்பேன். அதோடு பாதுகாப்புத் திருத்தங்களும் போய்விடும். விண்டோஸின் புதிய பதிப்புக்கே மாறிய பிறகு சிக்கல் வந்திருந்தால், பழைய பதிப்புக்குத் திரும்ப வழக்கமாக 10 நாள் அவகாசம் உண்டு.

தயாரிப்பாளர் கைவிட்ட பழைய கணினிக்கு யு.எஸ்.பி. வைஃபை அடாப்டர் வாங்குவதே மேல். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசைகளையும் பிடிப்பதாக வாங்குங்கள். 5 வேகமானது, ஆனால் நம் ஊர்ப் பழைய வீடுகளின் கனத்த சுவர்களைத் தாண்டுவதில் 2.4தான் கெட்டி.

அக்காவுக்கு ரோல்பேக்கிலேயே குறி வந்துவிட்டது. கையோடு அவளது மாடலுக்கான டிரைவரை ஒரு பென்டிரைவில் இறக்கி, மோடத்தின் பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன்.