கோல் மூட்டுக்கு மெழுகா, டேப்பா?

ஒன்பது அடி ஃப்ளை ராட் (செயற்கைப் பூச்சி கட்டி வீசும் தூண்டில் கோல்) இப்போது பெரும்பாலும் நான்கு துண்டுகளாகத்தான் வருகிறது, அதாவது மூன்று மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் மேல்துண்டின் வாய் கீழ்த்துண்டின் முனையை மூடி அமரும். மூட்டு முழுதாக அமர்ந்திருக்கும்வரை வளைவின் பாரம் இரண்டு துண்டுகளிலும் பரவும். வீச வீச மேல்துண்டு கொஞ்சம் நகர்ந்துவிட்டால், அந்தப் பாரமெல்லாம் அதன் வாய் விளிம்பில் குவியும். கார்பன் குழல் நீளவாக்கில் பிளக்கும். மட்டமான கோல் என்று திட்டு வாங்கும் முறிவுகளில் பல இப்படி நேர்ந்தவைதான். மூட்டு நகராமல் இருக்கத்தான் மெழுகோ டேப்போ போடுகிறோம்.

மெழுகு: சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தியே போதும். உள்ளே போகும் முனையைத் துடைத்துக் காயவிட்டு, மெழுகுவர்த்தியால் நீளவாக்கில் நான்கைந்து கோடு இழுத்து, விரலால் தேய்த்துப் பரப்புங்கள். கட்டியாகத் தெரிந்தால் பூசியது அதிகம். மூடும் குழலுக்குள் பூசவே வேண்டாம். மெழுகு பிடிப்பைக் கூட்டும், தேய்மானத்தைக் குறைக்கும், ஆனால் மூட்டைப் பூட்டிவிடாது. தேன்மெழுகும் பிடிக்கும், ஆனால் அது இளகலானது, ஒட்டும் தன்மை கூட. தண்ணீர் இறங்கிய மேட்டூர் அணைக்கரையில் கோலைத் தரையில் கிடத்தினால் மணல் அதில் அப்பிக்கொண்டு முனையை அரம்போல் அறுக்கும். எங்கள் ஓட்டு வெள்ளை மெழுகுக்கே. பழைய பூச்சை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் பூச வேண்டும். தேங்காய் எண்ணெய், கிரீஸ் இரண்டும் கூடவே கூடாது. மூட்டு வழுக்கிக் கழலும்.

டேப்: மூட்டுக்குக் கீழே 3 செ.மீ. தொடங்கி மேலே 3 செ.மீ. வரை இன்சுலேஷன் டேப்பை இழுத்துச் சுற்றி, கடைசி நுனியை மடித்துவிட்டால் துண்டு திரும்பாது. இரண்டு கையால் வீசும் ஸ்பே கோலுக்கு இது அவசியம் என்றே சொல்வோம், ஏனென்றால் அந்த வீச்சு கோலை முறுக்குகிறது. ஒற்றைக் கை கோலுக்குத் தேவையில்லை. சேலத்து வெயிலில் பசை இளகிப் பிசுபிசுக்கும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் ஈரக்கோலில் டேப் ஒட்டாது. அதைவிடப் பெரிய குறை, உள்ளே இடைவெளி விழுந்தாலும் டேப் மறைத்துவிடும்.

எதுவும் போடாமல் விடலாமா? புதுக் கோலில், இறுக்கம் சரியாக இருந்தால் விடலாம். எதைத் தேர்ந்தாலும் பூட்டும் முறை ஒன்றுதான்: இரு துண்டிலும் உள்ள நூல் வளையங்கள் ஒன்றுக்கொன்று கால் சுற்று விலகியிருக்கப் பிடித்து, அழுத்திக்கொண்டே திருப்பி நேருக்குக் கொண்டுவர வேண்டும். வளையத்தைப் பிடித்துத் திருகக் கூடாது. பிறகு அரை மணிக்கு ஒரு முறை ஒவ்வொரு மூட்டையும் தொட்டுப் பாருங்கள். இந்தச் சோதனையை மெழுகும் டேப்பும் ஈடுசெய்யாது.

உள்செருகு வகை மூட்டில் (கீழ்த்துண்டில் பதித்த தனிக் கம்பி மேல்துண்டுக்குள் போகும் வகை) பூட்டிய பிறகும் இரு துண்டுகளுக்கும் நடுவே அரை அங்குலம்வரை இடைவெளி இருப்பது இயல்பு. அதை மூட வேண்டுமென்று அழுத்தினால் குழல் பிளக்கும். மூங்கில் கோலின் உலோக மூட்டுக்கு மெழுகு வேண்டாம், சுத்தமான துணியால் துடைத்தால் போதும்.

மூட்டு இறுகிக் கழலாவிட்டால் இடுக்கியைத் தொடாதீர்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒவ்வொருவரும் இரு துண்டிலும் ஒரு கை வைத்து நேராக இழுக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால், உள்துண்டில் மூட்டுக்கு ஒட்டிய இடத்தில் ஐஸ் வைத்துவிட்டு மறுபடி இழுங்கள். உள்முனை சற்றே சுருங்கி விட்டுக்கொடுக்கும். கழற்றியதும் மேல்துண்டின் வாயை வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்தத் துண்டை அதற்குமேல் வீசக் கூடாது.