ஏழாம் கட்டடம் சரிந்தது வெடியாலா, வெப்பத்தாலா?

2020 ஜனவரியில் கொச்சி மரடு அடுக்குமாடிகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து, 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் விமானம் மோதாமலே சரிந்த, உலக வர்த்தக மைய வளாகத்தின் 47 மாடி ஏழாம் கட்டடமும் அப்படித்தான் வீழ்த்தப்பட்டது என்ற பேச்சு எங்கள் வாளையாறு தேநீர்க் கடைகளில் எழுவதுண்டு. காட்சி ஒத்திருப்பது உண்மை, ஏறத்தாழ 2.25 விநாடிகள் அது தடையின்றி விழுந்ததை அமெரிக்க அரசின் 2008 ஆய்வறிக்கையும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் மரட்டில் ஆளில்லாத கட்டடங்களில் சுவர்களை அகற்றி, தூண்களில் துளையிட்டு வெடிமருந்து நிரப்பினார்கள்; அலுவலர் நடமாடிய கட்டடத்தில் அதை எவர் கண்ணிலும் படாமல் செய்திருக்க முடியும் என்று என்னால் நம்ப இயலவில்லை.

அந்த ஆய்வறிக்கை தரும் வெப்ப விளக்கத்தை, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும் கொல்லரைப் பார்த்தவர்கள் எளிதில் உணர்வார்கள். நெருப்பில் பழுத்த இரும்புப் பட்டை உருகுவதில்லை, விரிகிறது. அதனால்தான் மரச்சக்கரத்தின் மேல் இறங்குகிறது. ஏழாம் கட்டடத்திலும், தீயணைக்கக் குழாய்நீர் அற்றுப்போய் ஏறத்தாழ 7 மணி நேரம் எரிந்த தீயில், எஃகு உத்தரங்கள் விரிந்து 13ஆம் தளத்தின் முதன்மை உத்தரத்தை அது அமர்ந்திருந்த தாங்கியிலிருந்து தள்ள, தளங்கள் அடுத்தடுத்து விழுந்து, பக்கப்பிடிப்பை இழந்த 79ஆம் தூண் வளைந்தது. வெளிச்சுவர்கள் அசைவதற்குச் சில விநாடிகள் முன்பே, அந்தத் தூணுக்கு மேலிருந்த கிழக்குக் கூரைக்கட்டு (மொட்டைமாடி மேல் எழுப்பிய சிறு கட்டுமானம்) உள்ளே அமிழ்வதை ஒளிப்பதிவில் காணலாம்.